திறந்திருக்கிறது என்கிறது

ஹெல்டெர்மா துறைமுகத்தில் வேனை நிறுத்தி
விர்வே மறுபடி தேடினாள்.
பின்னால், கடன் வாங்கிய கிடா
தகரத்தை முட்டிக்கொண்டிருந்தது.

தேடுபொறி சொன்னது:
"பனிச்சாலை இன்று திறந்திருக்கிறது. எடை இரண்டு டன் வரை.
சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்ட…"
அதோடு வாக்கியத்துக்கு மூச்சு முட்டிவிட்டது.

தொட்டாள்.
பக்கம் விரிந்தது: மூடப்பட்டது. செவ்வாய் முதல்.

பின்னால் வந்தாள்: திறந்திருக்கிறது.
உள்ளே போனாள்: மூடப்பட்டது.
யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல்
கிடாவைத் திட்டினாள்.

டிக்கெட் கூண்டில் கெர்ட்டு
சூயிங்கம்மைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:
"பொய்யில்லை. அது எட்டிப் பார்த்த அன்றைக்கு
நிஜமாகவே முப்பது சென்டிமீட்டர் பனி.
நானே ஓட்டிப் போனேன்.
இரண்டு வரி கிள்ளிக்கொண்டு போனது,
இன்னும் திரும்பி வரவில்லை."

கடல் உறைந்தால்தான் அந்தச் சாலை.
கடல் யாருக்கும் தகவல் சொல்லிவிட்டு உருகுவதில்லை.

வேனுக்கு ஒரு டிக்கெட்.
கிடாவைப் பற்றிக் கெர்ட்டு கேட்கவில்லை,
விர்வேயும் வாய் திறக்கவில்லை.

படகின் மேல்தளத்தில் காற்று காதை அறுத்தது.
வடக்கே,
சாலைக்கு அடையாளமாக நட்ட ஜூனிபர் கிளைகள்
உடைந்த பாளங்களின் மேல்
இன்னும் நிமிர்ந்து நின்று
வழி காட்டிக்கொண்டே மிதந்தன,
ஒன்று ஸ்வீடன் பக்கம்,
ஒன்று வந்த திசைக்கே,
ஒன்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டு.

படமெடுக்கக் கைபேசியைத் தூக்கியவள்
எடுக்காமல் பைக்குள் போட்டாள்.

கீழே இறங்கி
வேனில் உட்கார்ந்து,
நகராத வண்டியில்,
சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.