சில்லறை இல்லை

பேர் வைத்தது அர்சேசியோ.
மன்ரீக்கே மேட்டுக்கு ஏறும் பேருந்தில்
ஓட்டுநர் தலைக்கு மேல் தொங்கிய அட்டையைப் பார்த்து.
மெதெயின் நகரத்தில் அந்த வருடம்
யாரிடமும் எதற்கும் மீதி கிடையாது.

டிரம்முக்குத் தோல் வாங்கக் காசில்லை.
அவன் அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள்.
குப்பைக்குப் போகிற எக்ஸ்ரே தாள்களைச்
சுருட்டிக் கொண்டுவருவாள்.
யாருடைய விலாவோ.
இடது பக்கம், நான்காம் எலும்பில் ஒரு விரிசல்.
உவைமர் சரியாக அங்கேதான் அடிப்பான்,
அங்கே அடித்தால்தான் சத்தம் என்பான்.

நான் பேஸ். மூன்று கம்பி;
நான்காவது, சைக்கிள் பிரேக் கம்பி.
யோலிமா பாடினாள் என்று சொல்ல முடியாது.
கீழ்வீட்டுக்காரி ஒருநாள் ஜெபமாலையோடு ஏறி வந்து
பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டாள்.

முதல் கச்சேரி ஒரு டயர் கடையில்.
பதினேழு பேர், ஒரு நாய்.
நான்காம் பாட்டில் வெளியே மோட்டார் சைக்கிள்கள்.
விளக்கை அணைத்துத் தரையோடு தரையாகப் படுத்தோம்.
நாய் மட்டும் நின்றது.
பிறகு எழுந்து, ஐந்தாம் பாட்டு.

ஒரு திங்கட்கிழமை
உவைமரிடம் ஜப்பான் டிரம் செட்,
பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல்.
எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.
என்ன ஒரு சத்தம்! அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.
கேசட் பதிந்தது அதில்தான். இருநூறு பிரதி,
அட்டைகள் யோலிமா வேலை பார்த்த வக்கீல் ஆபீசில்
திருட்டு ஜெராக்ஸ்.

மூன்று கச்சேரிக்கு வந்தான்.
நான்காவதற்கு அவன் தம்பி வந்து
டிரம்மைக் கேட்டான்.
விற்றுத்தான் பெட்டி வாங்க வேண்டும் என்றான்.
நூற்றுப் பன்னிரண்டு படி, நாங்களே இறக்கினோம்.
ஒவ்வொரு படிக்கும் சிம்பல் தானாக முனகியது.
யாரும் அதைப் பிடித்து நிறுத்தவில்லை.

இப்போது பெர்லினில் ஒருவர்
அந்தக் கேசட்டை இசைத்தட்டாகப் போட்டிருக்கிறார்.
முப்பத்தைந்து யூரோ.
எங்களுக்குப் பத்துப் பிரதி, சுங்கவரி எங்கள் தலையில்.
கூடவே ஒரு தாள்:
இசைக்குழுவின் பயணத்தைச் சுருக்கமாக எழுதவும்.

மூன்று வருடம், பதினொரு பாட்டு என்று எழுதினேன்.
அர்சேசியோ டாக்ஸி ஓட்டுகிறான்,
மீதியைச் சரியாக எண்ணிக் கொடுக்கிறான் என்று எழுதி
அடித்துவிட்டேன்.

அலமாரிக்குப் பின்னால் அந்த எக்ஸ்ரே இருந்தது.
சன்னலில் வைத்துப் பார்த்தேன்.
குச்சி பட்டுப் பட்டு நடுவில் வெளுத்து,
விரிசல் எது, அடி எது என்று தெரியவில்லை.
ஓரத்தில் பேனா எழுத்து: வயது 19.
பெயர் இருந்த இடத்தில்தான்
நாங்கள் ஆணி அடித்திருந்தோம்.