வட்டாரப் பெயர்

அன்னூர் தாண்டி ஒரு மேட்டாங்காடு.
நாச்சாத்தாளிடம் தைலமரத்தில் ஒரு கிளை கேட்டேன்.
"ஒண்ணு என்னங்க, சனிக்கெழம லாரி வருது,
அதுக்குள்ள வேணுங்கறத ஒடிச்சுக்குங்க."

யூகலிப்டஸ் டெரட்டிகார்னிஸ்.
திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்,
பாதியில் வெற்றிலையோடு துப்பிவிட்டாள்.
முதல் சொல்லுக்கு, நன்றாக மூடியது.
இரண்டாவதற்கு, உருண்ட கொம்பு.
மொட்டைக் கிள்ளி உள்ளங்கையில் காட்டினேன்.
"இது கொம்புங்களா?
எங்க காளக்கன்னு பார்த்தா சிரிச்சுப்போடும்."

பூர்வீகம்: ஆஸ்திரேலியா, கிழக்குக் கரை.
அந்தக் கட்டத்தை அவள் ஒத்துக்கொள்ளவில்லை.
"மூணு தடவ வெட்டியாச்சு,
மூணு தடவயும் இங்கதானுங்க தழஞ்சுது.
ஊருக்கா போயிட்டு வந்துச்சு?"

கிணறு எண்பதடி, வெறும் பாறை.
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

வட்டாரப் பெயர்?
முதல் வெட்டு மகனுக்குப் பாலிடெக்னிக்,
அடுத்தது மகளுக்கு நர்சிங்,
மூன்றாவதில் பாதி வட்டிக்கே போயிற்றாம்.
"பீசு மரம்னு எழுதிக்குங்க."
எழுதினேன்.

மேட்டுப்பாளையத்தில், பதினைந்து நாள் கழித்து
அழுத்துபலகையின் கயிற்றை அவிழ்த்தால்
பழைய தினத்தாளில், மணமகள் தேவை பத்திகளின் மேல்
மூடிகள் கழன்று கிடந்தன.
மொட்டுக்குள்ளிருந்து வெள்ளை இழைகள்
கலைந்த தலைபோல.

'கலப்பினமாக இருக்கலாம்' என்று
மேலதிகாரி பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினார்.
இங்கே பெயரை மாற்றலாம்,
பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது.

மூடிகளைப் பொறுக்கிக் காகித உறையில் போட்டேன்.
திறந்தவை பதினெட்டு. மூடி பதினேழு.
மேசைக்கடியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.