உட்பட்டு

இரவு பதினொன்றரை. ரெட்டியார்பாளையத்து மூன்றாம் மாடியில்
அமெரிக்காவின் பகல் ஓடிக்கொண்டிருக்கிறது.
என் வேலை எளியது.
யாரோ யாருக்கோ எழுதிய மின்னஞ்சலைப் படித்து
தொடர்புடையது, தொடர்பற்றது, வெளியிடக் கூடாதது
மூன்றில் ஒரு பெட்டியைத் தொட வேண்டும்.
மணிக்கு எழுபது. குறைந்தால்
தாமரைக்கண்ணன் சார் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வருவார்.

இன்று குறைகிறது.
திரையின் ஓரத்தில் இன்னொரு தாள் திறந்திருக்கிறது.
அவர்கள் உச்ச நீதிமன்றத்துத் தீர்ப்பு, நூறு பக்கத்துக்கு மேல்.
தம்பி செங்குட்டுவன் அனுப்பியது. கீழே ஒரு வரி:
‘அக்கா, இதுல அமுதினி எங்க வர்றா?’

அமுதினிக்கு ஒன்பதாம் மாதம்.
ஈஸ்டனில் வாடகை வீடு, வேலை விசா,
பச்சை அட்டைக்கு முடிவே தெரியாத வரிசை.
மாடியில் நின்றால் ஆறு தெரியும், பாலம் தெரியும்,
பாலத்துக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சி.
நியூ ஜெர்சி வழக்குப் போட்ட மாநிலம்.
இவர்கள் இருக்கும் பென்சில்வேனியா போடாத மாநிலம்.
‘அங்க பெத்தா குடியுரிமை நிக்குமாம், இங்கன்னா சந்தேகமாம்.
ஆனா இன்சூரன்ஸ் இந்தக் கரை ஆஸ்பத்திரிக்குத்தான்க்கா.’

குட்டுவா, தீர்ப்பு உன் பிள்ளையைப் பற்றி இல்லை.
ஒரு நீதிபதி போடும் தடை
எத்தனை தூரம் செல்லும் என்பது பற்றி.
பிள்ளை யாருடையது என்பதைப்
பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

‘அதன் அதிகார வரம்புக்கு உட்பட்டு.’
இந்தச் சில சொல்லுக்கு ஒன்றரை நூற்றாண்டு வாதம்.
முள்ளோடையில் கேட்டிருந்தால்
ஒரு குவார்ட்டர் தீர்வதற்குள் முடித்திருப்பார்கள்.
கடைப்படியில் நிற்கும்வரை சரக்கு,
கொஞ்சம் தெற்கே நடந்தால் குற்றம்.

நம் வீட்டிலேயே நடந்ததுதானே.
பெரியப்பா தலை திரும்பாத பிள்ளை.
பாகூரிலிருந்து மாட்டுவண்டியில், பெண்ணையாற்று மணலில்
சக்கரம் புதையப் புதைய
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எடுத்தார்கள்.
அப்பாவுக்கு அந்தச் சிரமம் இல்லை. வீட்டிலேயே பிறந்தார்.
அறுபத்திரண்டில் ஒப்பந்தம் வந்தது.
இந்த மண்ணில் பிறந்தவன் இந்தியன்;
பிரெஞ்சுக்காரனாக இருக்க ஆசையென்றால்
ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடு.
வெளியில் பிறந்தவன் எதுவும் எழுத வேண்டாம்,
பிரெஞ்சுக்காரன்தான்.

பெரியப்பா எதுவும் எழுதவில்லை.
‘அறுப்பு முடியட்டும்’ என்றார் அப்பா.
அறுப்பு முடிந்தபோது ஆறு மாதமும் முடிந்திருந்தது.

ஒருவருக்கு பாரிஸ் தேர்தலில் ஓட்டு,
ஒருவருக்கு பாகூர் தொகுதியில்.
இருவரும் கடைசிவரை ஒரே வரப்புக்குச் சண்டை போட்டார்கள்.

மணி இரண்டரை. புதிதாக ஒரு செய்தி:
நியூ ஹாம்ஷையரில் ஒரு நீதிபதி
பிறந்த பிள்ளை, பிறக்கப்போகிற பிள்ளை
எல்லாரையும் ஒரே வழக்குக்குள் அழைத்துக்கொண்டாராம்.
எந்தக் கரையில் பிறந்தாலும், இப்போதைக்கு.

‘குட்டுவா, இருக்கிற இடத்திலேயே இருங்க’ என்று அனுப்பினேன்.
‘இப்போதைக்குன்னா எத்தனை நாள்?’ என்று கேட்டான்.
ஏழு வருடம் இவர்கள் காகிதத்தைப் படித்திருக்கிறேன்.
அந்தச் சொல்லுக்கு மட்டும் எந்தப் பெட்டியும் இல்லை.
உன் பிள்ளை இன்னும் மூச்சே விடவில்லை,
அதற்குள் வாதி.
பேர் வைக்கவில்லை, மனு இருக்கிறது.

நாலரைக்குக் கம்பெனி வேன் கடலூருக்குத் திரும்புகிறது.
சோதனைச் சாவடியில் டார்ச் உள்ளே நுழைந்து
ஒவ்வொரு மடியாகப் பார்க்கிறது.
‘பையில என்னம்மா?’
டிபன் பாக்ஸ், சார். சால்வை. கொஞ்சம் காகிதம்.
காகிதத்தை அவர் பிரிக்கவில்லை. பாட்டிலைத்தான் தேடுகிறார்.

அப்போது போன் அதிர்ந்தது.
‘வலி வந்துடுச்சு. கார்ல இருக்கோம்.’

எந்தப் பக்கம் என்று அடித்தேன்.
அழித்தேன்.
பனிக்குடம் உடைந்துவிட்டதா என்று கேட்டேன்.