திம்மிரி

"சேதிகி திம்மிரி" என்றாளாம் ரெட்டெம்மா.
சீட்டு எழுதும் பையன்
'கையில் திமிர்' என்று எழுதி
என் மேசைக்கு அனுப்பிவிட்டான்.
தப்பென்று சொல்ல முடியவில்லை.
நாமும் மரத்துப்போன காலைத்
திமிர் பிடித்த கால் என்றுதானே சொல்கிறோம்.
யாதமரிப் பக்கம் மாங்கூழ் ஆலையில்
மேஸ்திரிக்கும் அதே சொல்தான் வந்ததாம்,
பாதி தோல் சீவிய பெங்களூரா
மூன்றாம் முறையாக அவள் கையிலிருந்து நழுவி
சிமெண்டுத் தரையில் உருண்டபோது.

குடியாத்தம். திங்கட்கிழமை.
பரதராமி பஸ் வந்து நின்றால்
வரிசை வாசலைத் தாண்டும்.

வலி எப்போது?
ராத்திரி.
ராத்திரி எழுந்து என்ன செய்வாய்?
வாயால் சொல்லவில்லை. உதறிக் காட்டினாள்,
ஈரத் துணியை உதறுவதுபோல.
அந்த உதறலில் பாதி தெரிந்துவிட்டது.

சுண்டுவிரல்?
"அது மட்டும் நல்ல பிள்ளை."
மோதிர விரலின் நட்டநடுவே
நகத்தால் ஒரு கோடு கிழித்தாள்:
இந்தப் பக்கம் இருக்கிறது,
அந்தப் பக்கம் இல்லை.
மூன்று வருடம் நான் மனப்பாடம் செய்த எல்லையை
சர்வேயர்போல
தூக்கமில்லாமல் அளந்து வைத்திருந்தாள்.

புறங்கைகளை ஒட்டி,
விரல்கள் தரையைப் பார்க்கப் பிடி என்றேன்.
கவிழ்த்துப் போட்ட கும்பிடு.
அறுபது எண்ண வேண்டும்.
இருபத்திரண்டில் "அம்மாடி" என்றாள்.

பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி
இரண்டு முனையாக வளைத்து
ஆள்காட்டி விரல் நுனியில் வைத்தேன்.
கண்ணை மூடு. ஒன்றா, ரெண்டா?
எப்படி வைத்தாலும் "ஒகட்டி".

மணிக்கட்டில் மூங்கில் பட்டைத் தடம்.
புத்தூர் போய்க் கட்டியிருக்கிறாள்.
"கட்டு இருந்தவரைக்கும் தூங்கினேன்."
இருக்கும்.
மணிக்கட்டை மடங்காமல் நிறுத்துவதற்கு
நான் எழுதித் தரும் பட்டை
எண்ணூறு ரூபாய்.
இதை மாநாடுகளில் சொல்வதில்லை.

பழம் ஓய்ந்து, ஆடிக் கடைசியில் வந்தாள்.
மரத்த கைக்கு
மரக்க ஊசி போடுகிறார்களே என்று
நர்ஸ் கனகவல்லியிடம் சிரித்தாள்.
விழித்தபடியேதான் படுத்திருந்தாள்.
உள்ளங்கையில் மூன்று சென்டிமீட்டர்.
"உள்ளே என்ன கலர்?"
மஞ்சள், என்றேன், கொழுப்பு.
"பெங்களூராவா, நீலமா?"
பதில் சொல்லாமல் கீழே போனேன்.

வெள்ளைப் பட்டை.
கத்தியின் அடியில் அது நறநறத்தது,
சோற்றில் அகப்பட்ட மணல்போல.
கடைசி இழையும் விட்டபோது
அடியில் நரம்பு கிடந்தது
இடுப்பில் கயிறு இறுக்கிய தடத்தோடு,
வெளிறி, தட்டையாக.
தொடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.
எங்கிருந்தோ ஒரு நூல் அளவு ரத்தம்
அதன்மேல் ஊர்ந்து வந்தது.
கனகவல்லி நூலை நீட்டிக்கொண்டே நின்றாள்.

அன்றிரவே தூங்கினாளாம்.
கட்டைவிரல் அடியில் மேடு இருந்த இடம்
குழியாகத்தான் இருந்தது.
வரும் என்றும் சொல்லவில்லை,
வராது என்றும் சொல்லவில்லை.
ரவிக்கை ஊக்கு இன்னும் மகள்தான் போட்டுவிடுகிறாள்.

சித்திரை.
ஆலை திறக்கப் போகிறது.
கை சரியாகிவிட்டதென்று
மேஸ்திரிக்கு ஒரு சீட்டு வேண்டும்.
மஞ்சள் தடவிய நெற்றியோடு
எதிரே உட்கார்ந்து தானாகவே கண்ணை மூடினாள்.

இரண்டு முனை, தள்ளி.
"ரெண்டு."
இரண்டு முனை, நெருக்கி.
"ரெண்டு."
ஒரே ஒரு முனை.
"ரெண்டு" என்றாள்,
முந்திய இரண்டையும்விட உரக்க.

தெலுங்கிலும் அது ரெண்டுதான்.
காதில் தப்பாக விழுந்தது என்று
நான் ஒதுங்கிக்கொள்ள வழியில்லை.

பரதராமி பஸ் வெளியே ஹாரன் அடிக்கிறது.
சீட்டில் தேதி மட்டும் எழுதியிருக்கிறேன்.
அவள் இன்னும் கண் திறக்கவில்லை.