அளந்தால் ஏழு

ஐந்தடி நடைபாதை என்று பெயர்.
நாடாவை நீட்டினால் ஏழு.
அடுத்த வாசலில் ஆறே முக்கால்,
முடிதிருத்தும் கடை முன்னால் ஏழும் ஒரு விரலும்.
இருநூறு வருடத்துக்கு முன் யாரோ தாளில் இழுத்த கோடு
தெருத்தெருவாய் இப்படித்தான் நடந்து வருகிறது,
படி ஏறி, படி இறங்கி,
குடித்தவன் மாதிரி, விழாமல்.

கஃப் சாலை, நாற்பத்தேழாம் எண்.
கீழே கைப்பேசிக் கடை, மேலே பூட்டிய அறைகள்.
உரிமையாளர் திரு. இயோ சுவீ லெங் கேட்கிறார்:
"இந்த இடத்தைக் கண்ணாடி போட்டு அடைத்தால் என்ன?
என் தூண். என் கூரை. வரியும் நான்தான் கட்டுகிறேன்."
எல்லாம் உங்களுடையதுதான்.
நடப்பது மட்டும் ஊருடையது.
கடிதத்தில் இதை வேறு மாதிரி எழுதுவேன்,
பிரிவு எண், உட்பிரிவு எண் சேர்த்து.

அலுவலகம் பயிற்சிக்கு அனுப்பிய வருடம் வாலெட்டா போனேன்.
பரோக் நகரம்.
காலுக்கடியில் வெட்டிய கல்லே
தலைக்கு மேல் மாடமாய் நின்றது.
தேன் நிறம், மாலையில் ரொட்டி நிறம்.
தேவாலயமும் கொத்தளமும்
மூத்திரச் சந்தின் சுவரும் ஒரு தாய் வயிறு;
அலங்காரத்தில் ஆளுக்கொரு பிடிவாதம்,
ஜாடை மட்டும் மாறவில்லை.
வீடு கட்டுகிறவன் மழைநீர்த் தொட்டியும் வெட்ட வேண்டும் என்று
அன்றைக்கே சட்டமாம்.
பொறாமையோடு விமானம் ஏறினேன்.

எங்களுக்கும் ஒரு கல் இருந்தது.
உபின் தீவின் சாம்பல் கருங்கல்.
கலங்கரை விளக்கத்துக்குப் போனது,
ஜொகூர்ப் பாலத்துக்குப் போனது,
சல்லியாகிச் சாலைக்கடியில் படுத்தது.
மீதி பள்ளம். பள்ளத்தில் பச்சைத் தண்ணீர்.
நாரைகள் அங்கே
வாடகை ஒப்பந்தம் இல்லாமல் குடியிருக்கின்றன.

நாற்பத்தேழின் முகப்பும் கல் என்றே நினைத்திருந்தேன்.
தட்டிப் பார்த்தால் பொத்தென்றது.
சிமெண்டில் கருங்கல் பொடி கலந்து பூசி,
இறுகுமுன் தேய்த்துக் கழுவி,
கோடு கிழித்து,
கல் அடுக்கியதுபோல் நிற்கச் சொன்ன சுவர்.
ஷாங்காய் பூச்சு என்பார்கள்.
பொய்தான்.
தொண்ணூறு வருடம் முகம் மாறாமல் சொன்ன பொய்.

மழை ஒழுகி ஒரு பாளம் உதிர்ந்துவிட்டது.
ஒட்டுப் போட மாதிரிகள் வந்தன.
சீனத்துப் பொடி அதிக வெளுப்பு.
ஜொகூர்ப் பொடியில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது.
இன்னொன்று மைக்கா மின்னி
துக்க வீட்டுக்குச் சரிகை கட்டி வந்ததுபோல்.
சுவரில் ஒன்பது சதுரம் பூசினோம்,
ஒன்பதும் விருந்தாளி.

அடைக்கலம் கருத்தெதுவும் சொல்லவில்லை.
கீழே உதிர்ந்து கிடந்ததைக் கூட்டினார்.
சாக்கில் கட்டிச் சுத்தியலால் நசுக்கி,
வாளியில் ஏழு தண்ணீர் மாற்றி,
சாப்பாட்டு நேரத்தில்
தேநீர் வடிகட்டியில் சலித்தார்.
"டீ இனி மணலாத்தான் இருக்கும்" என்றார் மொக்லேஸ், வங்காள வாடைத் தமிழில்.

வெள்ளிக்கிழமை பத்தாவது சதுரம் பூசினார்.
திங்கட்கிழமை வந்து எண்ணினேன்.
ஒன்பதுதான் இருந்தது.
மறுபடி எண்ணினேன்.
பிறகு கண்ணை விட்டுவிட்டு
உள்ளங்கையால் சுவரைத் தடவி,
கொஞ்சம் குளிர்ந்த இடத்தில் அதைக் கண்டுபிடித்தேன்.

"முழுச் சுவருக்கும் இப்படியே செய்யலாமா?"
"பத்தாது மேடம். விழுந்த அளவுக்குத்தான் கல்.
அதிலும் பாதி தூசி."
மீதிக்கு வேறெங்காவது கேட்க வேண்டும்.
இடிக்கப்போகும் கட்டடங்களின் பட்டியலை
அன்று முதல்முறை ஆசையோடு புரட்டினேன்,
வெட்கமாகவும் இருந்தது.

மூன்று மணிக்கு மழை.
சாலை ஒரு நொடியில் காலியாகி
ஐந்தடிப் பாதை நிறைந்தது.
மீன் பை சொட்டச் சொட்ட ஒருத்தி,
சைக்கிளைத் தூக்கியபடி உணவு கொண்டுவரும் பையன்,
தெமடு பார்த்துவிட்டு வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள்.
நாற்பத்தைந்தில் இறங்கி, நாற்பத்தேழில் ஏறி,
யாரும் நனையவில்லை, யாரும் நன்றியும் சொல்லவில்லை.
திரு. இயோ
கைப்பேசி உறைகள் மாட்டிய தாங்கியை
தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சரியாக எத்தனை அடி இது?" என்றார்,
மழையைப் பார்த்தபடி.
நாடா இன்னும் என் கையில்தான் இருந்தது.
ஐந்து என்றேன்.