மூன்று வரிக்குள் எழுதவும்

உட்கார், ஹாஸ்கெல்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
சனிக்கிழமை இரவைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லாதே.
நீ வாய் திறந்தால் உன் உரிமைகளை நான் வாசிக்க வேண்டும்,
வாசித்துவிட்டால் இந்த அறை வேறு அறையாகிவிடும்.
படிவத்தின் தலையில் ஆலோசனை என்று போட்டிருக்கிறது.
அதன் முதல் வாக்கியம், பேசாதே.

மேற்கே திடலில் பீரங்கிகள்.
ஒவ்வொரு வேட்டுக்கும் என் காபியில் ஒரு வளையம்
விரிந்து, விளிம்பைத் தொட்டு, அடங்குகிறது.
இருவருமே அதைத்தான் பார்க்கிறோம்.

காவல்துறை அறிக்கை ஒன்றரைப் பக்கம்.
நீ ஓட்டவில்லை.
லாட்டன் நகரத்துச் சலவைக்கடை வாசலில்
ஸ்டியரிங்கில் நெற்றி வைத்துத் தூங்கியிருக்கிறாய்;
குளிருக்கு இன்ஜினை உறுமவிட்டிருக்கிறாய்.
ஒக்லஹோமாவுக்கு அது போதும்.
நின்ற வண்டியை ஓட்டிய குற்றம்.

ஞாயிறு காலை சிறை வாசலில்
பிளாஸ்டிக் பையில் பெல்ட்டும் ஷூ லேஸுமாக வந்தாய்.
நடைபாதை ஓரம் குந்தி லேஸைக் கோத்தாய்,
இடது காலில் ஒரு துளை விட்டுப்போனது.
கவனித்தேன்.
ஏனோ அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சரி, கேள்.
முகாமுக்குள் ஓராண்டு வண்டி ஓட்டக் கூடாது.
உன் பதவி உயர்வுத் தாள் இழுப்பறைக்குள் போய்விட்டது.
புதன்தோறும் மாலை வகுப்பு; தவறினால் இன்னொரு படிவம்.
மார்ச் ஒன்பது நீதிமன்றம். டை கட்டிக்கொண்டு போ,
சீருடை வேண்டாம், அங்கே அது உதவாது, உறுத்தும்.
அதற்கு முன் இரண்டாம் மாடியில் வழக்கறிஞரைப் பார்.
அவரிடம் பேசு. எல்லாவற்றையும். அவரிடம்.

நீ என்னைவிட நான்கு வயது மூத்தவன்.
நெப்ராஸ்காவில் இறைச்சி ஆலை மூடியபின்
முப்பதில் வந்து சேர்ந்தவன்.
ஒவ்வொரு வரிக்கும் "ஆகட்டும், சார்ஜென்ட்" என்கிறாய்,
ரசீது கிழித்துக் கொடுப்பவன் மாதிரி.

ஒரு கேள்வி மட்டும் நான் கேட்கலாம், கேட்டாகவும் வேண்டும்.
வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?

"இல்லை, சார்ஜென்ட். பக்கத்து வீட்டு டுவார்ட்டேயிடம்
கொடுத்து வைத்திருக்கிறேன்.
செவ்வாய்க்கிழமையே."

கைது சனிக்கிழமை.
மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணுகிறேன்.
செவ்வாய், புதன், வியாழன்.
எண்ணத் தெரியாதவள் போல
மறுபடி செவ்வாயிலிருந்து.

நேற்றிரவே நான் அடித்து வைத்த வரி ஒன்று
உன் முன்னால் இருக்கிறது:
‘பர்ஸில் வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்த அட்டையிலுள்ள எண்ணை
இவ்வீரர் அழைக்கத் தவறினார்.’
படிக்கிறாய். உன் பேனா அந்த வரியின் மேல்
சற்று நிற்கிறது.
பிறகு ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்துக்குப் போய்
குறி போடுகிறது.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.
பன்னிரண்டு ஐம்பத்தைந்து.
சோபாமேல் அதிர்ந்தது. உன் பெயரைப் பார்த்தேன்.
திங்கள் காவல்முறையை மாற்றிக் கேட்பான் என்று நினைத்து
திரையைக் கவிழ்த்துப் போட்டேன்.

நீ காட்டிக்கொடுக்கவில்லை.
பேசாதே என்று நான்தானே சொன்னேன்.

கடைசிக் கட்டம் என்னுடையது:
தலைவரின் பொறுப்புகள், மூன்று வரிக்குள் எழுதவும்.
போன மாதம் வேறொருவனுக்கு எழுதியதை
அப்படியே இறக்கிவிடலாம் என்றிருந்தேன்.

பேனாவை உன்னிடமிருந்து வாங்குகிறேன்.
அடித்த வரியையே அடிக்கிறேன், காகிதம் கிழிய.
கட்டத்தின் முதல் வரியில் ஒரு நேரம்.
இரண்டாவதில் இன்னொரு நேரம்.
மூன்றாவதில் ‘எடுக்கவில்லை’ என்று எழுதும்போது
வெளியே ஒரு வேட்டு; எழுத்து கோணிற்று.

கோட்டை மாட்டிக்கொள், ஹாஸ்கெல்.
மருத்துவமனைக்கு நான் ஓட்டுகிறேன்.
வழியில் எதைப் பற்றியும் பேசலாம்,
அந்த இரவைத் தவிர.
செவ்வாயைப் பற்றிச் சொல்.