பேசச் சொல்வது விதி

ஒன்பது மணிக்கு ஷட்டர் ஏறும்.
ஒன்பது ஐந்துக்கு இன்னஸ்.
லொக்கீ ஹை ஸ்ட்ரீட்டின் ஈரமெல்லாம்
அவன் சப்பாத்தில் உள்ளே வரும்.

சின்ன அறை. பிளாஸ்டிக் குவளையில்
எண்பது மில்லி மெத்தடோன், பச்சை.
குடித்ததும் தண்ணீர் கொடுக்கவேண்டும்,
பிறகு ஏதாவது பேசவைக்க வேண்டும்.
பேசுகிற வாயில் மருந்தை ஒளிக்க முடியாது.
அக்கறை என்று அவன் நினைத்திருந்தால்
நான் திருத்தவில்லை.

"டே இன்றைக்குக் கலங்கல்" என்றான்.
டே என்பது இங்கே ஆறு;
எங்கள் ஊரில் சண்டையின் முதல் சொல்.
"பாலத்தில் மூட்டம்."
"யுனைடெட் தோற்றுப்போச்சு."
நாளுக்கு ஒரு வாக்கியம்.
மூன்று வருஷத்தில் அவனைப் பற்றி அறிந்ததெல்லாம்
விதிப்படி அறிந்தது.

ஒருநாள் மட்டும்:
"எனக்கு அது பிடிக்கிறதே இல்லை. பத்து வருஷமாச்சு."

படிப்பில் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.
சுவைக்க மூளையில் ஒரு வழி, வேண்ட இன்னொரு வழி.
முதலாவது தூர்ந்த பிறகும்
இரண்டாவதில் டோபமின் தேர் இழுத்துக்கொண்டே போகும்,
சாமி இறங்கிப்போனது தெரியாமல்.
அவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்:
எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரே வினை.
அது உனக்குப் பிடிக்கவில்லை.
உன்னைப் பிடித்திருக்கிறது.
வேற்றுமை உருபு ஒன்றுதான் மாறும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த சாக்லேட்டுகளை
உள்ளே எடுத்துவைத்தேன்.
வெள்ளித்தாள் சரசரத்தால்
அவன் கழுத்து வியர்ப்பதைக் கண்ட அன்று.
முதலாளி கேட்டார்.
எலி வரும் என்றேன்.

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்று
கணக்கு வைத்தவர்கள்
நரம்பிடம் கேட்டு வைக்கவில்லை.

மாசியில் மருந்தை மாற்றினார்கள்.
புப்ரெனார்ஃபின்: வெள்ளைக் குளிசை, நாக்குக்கு அடியில்.
ஏற்பியில் போய் உட்காரும்,
அபர்தீன் கோச்சில் பையை விரித்து
இரண்டு சீட்டும் பிடித்தவரைப் போல.
கதவைப் பாதிதான் திறக்கும்,
எழும்பவும் மாட்டாது.
பின்னால் ஏறும் ஹெராயின் நின்றுகொண்டு வரட்டும்.

ஆனால் முந்திக் கொடுத்தால்
இருக்கிறதையும் பிடுங்கி எறிந்துவிடும்.
அதனால் முதல் நாள் அவன் நடுங்கும்வரை காத்திருந்தோம்.
கதிரையில் கொட்டாவிக்கு மேல் கொட்டாவி.
கைமயிர் குத்திட்டு நின்றது.
"இன்னும் கொஞ்சம்" என்றேன்,
கொடுமைக்காரியின் குரலில்.

கரைய ஏழு நிமிஷம்.
அதுவரை பேசக்கூடாது.
இப்போது மௌனம் விதி.
அவன் சுவரிலிருந்த பல் படத்தைப் பார்ப்பான்,
நான் லேபிள் ஒட்டுவேன்.
பழக்கம் எனக்குத்தான் விடவில்லை.
ஆறு எப்படி என்று வாய்வரை வந்ததை
தினமும் விழுங்கினேன்.
என்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

ஆவணியில் ஒரு மின்னஞ்சல்:
மருந்துச்சீட்டு ரத்து.
காரணம் எழுதும் கட்டம் வெறுமை.
இந்த ஊரில் ரத்துக்கு இரண்டு காரணம்தான்.
இரண்டாவதை நான் நினைக்கவில்லை.
நினைத்தேன்.
ஒன்பது ஐந்துக்குக் கதவைப் பார்த்தேன், கார்த்திகைவரை.

ஒரு பிற்பகல் வந்தான்,
வரிசையில் நான்காவது ஆளாக,
கையில் பற்பசை, மெல்லிய பிரஷ்.
மெத்தடோன் தின்ற பற்கள்.
சட்டைக்கு மேலே வயிற்றைத் தட்டிக் காட்டினான்:
ஊசி. மாதத்துக்கு ஒன்று. கிளினிக்கில்.
என் கை அதற்குள்
ஒரு குவளை தண்ணீர் நிரப்பியிருந்தது.
அதைப் பார்த்தான். குடித்தான்.

"இங்கே முன்னே சாக்லேட் இருக்குமே?"
எலி வரும் என்றேன்.
உள்ளேயிருந்து ஒன்று எடுத்துக்கொடுத்தேன்.
வெள்ளித்தாளைப் பிரிக்காமல்
கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு போனான்.

அடுத்தவர் இருமல் மருந்து கேட்டார்.